விளக்கு எரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்

என் மனைவிக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. கம்பத்தில் ஏறுவது அவள், கீழே நின்று வியர்ப்பது நான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் தொழிலும் குடித்தனமும் இப்படித்தான் ஓடுகின்றன.

தொழில் என்றால் ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, கையில் பிடித்துப் பட்டனை அழுத்திப் பேசுகிற வாக்கி டாக்கி. கிடங்கு, கட்டட வேலை, தொழிற்சாலை என்று கேட்கிறவர்களுக்கு செட்டுகளைத் தயார் செய்து கொடுத்து, ஆன்டெனா நட்டுவிட்டு வருவோம். கேட்கவில்லை, இரைகிறது, பாதியில் அறுந்துபோகிறது என்று கூப்பிட்டால் போய்ச் சரிசெய்வோம். செட்டுக்குள் இருப்பதெல்லாம் என் பொறுப்பு. தரையை விட்டுக் கிளம்பியது எதுவும் அவள் பொறுப்பு.

வேலை நேரத்தில் ரேடியோவில் நாங்கள் பெயர் சொல்லிக்கொள்வதில்லை. அவள் "மேல", நான் "கீழ". "கீழ, கீழ, மேல பேசறேன்" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் முடிக்க மாட்டாள். மற்றவர்கள் எல்லாரும் அழுத்தி, ஒரு வார்த்தை பேசி, விட்டுவிடுவார்கள். இவள் அழுத்திய பட்டனைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிப்பதைக்கூட அழுத்தியபடியேதான் யோசிப்பாள்.

"பட்டனை விட்டாத்தானே நான் பேச முடியும்?" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"நீ பேசி என்ன ஆகப்போகுது?" என்பாள்.

அன்றைக்குக் கல்குவாரியில் வேலை. வெடி வைக்கிற இடத்தில் நமக்கு என்ன வேலை என்று கேட்டேன். "ஆன்டெனா வைக்கிற வேலை" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

போய் இறங்கியதும் நான் முதலில் தேடியது வெடிக்காரரைத்தான். காதோரம் நரைத்த, நிதானமான மனிதர். மின்கம்பி வைத்து வெடிக்கிற இடத்தில் ரேடியோ அலையே வெடியைத் தூண்டிவிடலாம் என்று எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. அதைக் கேட்டேன். இங்கே கம்பி இல்லை, மெல்லிய குழாய் வழியாகப் பொறி ஓடித்தான் வெடிக்கும், ரேடியோவால் ஒன்றும் ஆகாது என்றார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் சொன்னார். மூன்றாவது முறை நான் வாயைத் திறந்தபோது என் மனைவி குறுக்கே வந்து, "அண்ணே, இவர் பஸ்ல ஏறினாக்கூட டிரைவர்கிட்ட பிரேக் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாரு" என்றாள். வெடிக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்தனை மணிக்கு வெடிப்பீர்கள் என்றும் கேட்டுவைத்துக்கொண்டேன். சாயங்காலம், வேலையாட்கள் எல்லாரும் இறங்கிய பிறகு என்றார். வெடிப்பதற்கென்று அங்கே ஒரு முறை இருந்தது. வெடிக்காரர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கான்கிரீட் மறைவுக்குள் இருந்தபடி கையால் சுற்றுகிற சைரனை ஊதுவார். முதல் சைரன் ஊதியதும் மூன்று பக்கமும் நிற்கிற காவலாட்கள் ரேடியோவில், "என் பக்கம் சுத்தம்" என்று சொல்ல வேண்டும். மூன்று பேரும் சொன்னால் இரண்டாவது சைரன். அதற்குப் பிறகு ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு மூன்றாவது. மூன்றாவது ஓய்ந்ததும் வெடி.

அந்த "சுத்தம்" சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் அவர்கள் எங்களைக் கூப்பிட்டதற்குக் காரணம். ஆபீஸ் என்று சொல்லப்பட்ட தகர அறையின் கூரைமேல் பழைய ஆன்டெனா நட்டிருந்தார்கள். நடுவில் பாறை மறைத்ததால் பள்ளத்தின் அந்தக் கோடியில் நிற்கிற காவலாள் பேச்சு இங்கே வந்து சேரவில்லை. அதைவிடக் குவாரி மேனேஜருக்கு இன்னொரு தலைவலி இருந்தது.

"பக்கத்துல லாரி ஷெட்டு இருக்கு பாருங்க. அவங்களும் இதே சேனல்லதான் பேசறாங்க. நாள் முழுக்க அவங்க சண்டை என் காதுல விழுது. வெடிக்கிற நேரத்துல யாரோ ஒருத்தன் டயர் பஞ்சர்னு கத்தறான்" என்றார்.

ஆபீஸுக்குப் பின்னால் பாறை ஒரு முதுகு போல உயர்ந்து நின்றது. அதன் உச்சியில் கம்பம் நட்டு ஆன்டெனாவை ஏற்றினால் பள்ளம் முழுக்கக் கேட்கும் என்று என் மனைவி பார்த்ததுமே சொன்னாள். ஆபீஸ் பக்கம் பாறை செங்குத்து, ஏற முடியாது. மறுபக்கம், பள்ளத்தின் பக்கமாகத்தான் ஒற்றையடி வழி. அது வெடி மருந்து நிரப்புவதற்குத் துளை போட்டிருந்த மேடையை ஒட்டிப் போய் மேலே ஏறியது. காலையில் துளைகள் வெறுமையாக இருந்தன. ஆனாலும் அவள் அவற்றைத் தாண்டிப் போவதை நான் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கம்பம் நட்டு, கேபிளை ஆபீஸ் ஜன்னல் வழியாக இறக்கினாள். நான் மேஜைமேல் இருந்த பெரிய செட்டில் அதைச் செருகி, நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். செட் அனுப்புகிற சக்தியில் பாதி, ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டால் செட் சூடேறிச் சாகும். கேபிளைக் கழற்றிவிட்டுச் செட்டை மட்டும் சோதித்தேன், பழுதில்லை. அப்படியென்றால் கோளாறு மேலே.

"மேல, மேல, கீழ பேசறேன். ஆன்டெனாவுல கேபிள் சேர்ற மூட்டைப் பிரிச்சுப் பாரு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கேபிளின் மேலுறைக் கம்பியில் ஒரே ஒரு இழை, முடி போல, உள்ளே நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். அதை வெட்டி மறுபடி மாட்டினாள். மீட்டர் முள் படுத்தது. ஆனால் ரப்பர் டேப் வேனிலேயே தங்கிவிட்டது. மூட்டுக்குள் தண்ணீர் இறங்காமல் காப்பது அந்த டேப்தான். இப்போதைக்குச் சாதா டேப்பைச் சுற்றியிருக்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி இறங்கி வந்தாள். அவள் தரையில் கால் வைத்த பிறகுதான் நான் மீட்டரைக் கீழே வைத்தேன்.

பிறகு என் முறை. லாரிக்காரர்கள் தொல்லைக்கு வழி, டோன். பேச்சுக்கு அடியில் கூடவே ஓடுகிற, காதுக்குக் கேட்காத ஒரு ரீங்காரம் அது. குவாரி செட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே டோனைப் போட்டுவிட்டால், அந்த டோனோடு வருகிற பேச்சுக்கு மட்டும்தான் அவை வாயைத் திறக்கும். மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் சத்தம் வராது. அலை வந்ததற்கு அடையாளமாகச் செட்டின் தலையில் பச்சை விளக்கு மட்டும் எரியும். அதோடு இன்னொன்றும் செய்தேன். சேனலில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாரும் குறுக்கே விழ முடியாதபடி பூட்டு வைத்தேன். அழுத்தினால் செட்டே "பீப்" என்று மறுத்துவிடும்.

காவலாட்களை ஆபீஸுக்கு வரவழைத்து, வகுப்பெடுக்காத குறையாக விளக்கினேன். "பட்டனை அழுத்தினதும் பேசிடாதீங்க. ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசுங்க. இல்லன்னா மொத வார்த்தை போய்ச் சேராது. பச்சை விளக்கு எரியறப்ப அழுத்தினா பீப்னு சொல்லும். அது லாரிக்காரங்க பேசறது. அணையற வரைக்கும் பொறுத்து அப்புறம் பேசுங்க. விளக்கு எரிஞ்சு சத்தம் வரலைன்னா கண்டுக்காதீங்க."

மேனேஜர் ஒரு செட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். பச்சை எரிந்தது, சத்தம் இல்லை. "அடேயப்பா, இத்தனை வருஷத்துல முதல் தடவையா நிம்மதியா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புகழ்ந்தால் எனக்குக் கொஞ்சம் அப்படி ஆகிவிடும்.

எங்கள் சொந்த செட்டுகளுக்கு நான் டோன் போடவில்லை. இந்தத் தொழிலில் யாரும் போடுவதில்லை. சோதனை செட் திறந்தே இருக்க வேண்டும், யார் பேசினாலும் அதில் கேட்க வேண்டும், அப்போதுதான் கோளாறு எங்கே என்று பிடிக்க முடியும். அந்தப் பழக்கம் எங்களுக்குக் கையோடு ஊறியது. அதைப் பற்றி நினைப்பதுகூடக் கிடையாது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சார்ஜ் தீர்ந்துபோன என் செட்டை அணைத்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த செட்டுகளுக்கு டோன் ஏற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி பின்னால் வந்து ஏதோ சொன்னாள். நான் லேப்டாப் திரையைப் பார்த்தபடியே, "ம்" என்றேன். போய்விட்டாள். டீக்கடைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை.

வெளியே வெளிச்சம் மங்கியது. மேனேஜர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மேகம் கட்டுது. மழை இறங்கினா மருந்து பாழாப்போயிடும். இப்பவே வெடிச்சுடலாம்னு சொல்லிட்டேன், ஆளுங்களை எல்லாம் இறக்கியாச்சு" என்றார்.

"இப்பவேவா?"

"நாம இங்க பத்திரமாத்தான் இருக்கோம். பயப்படாதீங்க."

முதல் சைரன் எழுந்தது. தாழ்ந்து ஆரம்பித்து, உயர்ந்து, அழுகிற மாதிரி இழுத்து அடங்கியது. தகரச் சுவரை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் டீக்கடையில் இருக்கிறாள், டீக்கடை ரோட்டுக்கு அப்பால் இருக்கிறது, அங்கே கல் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேஜைமேல் பெரிய செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. எரிந்துகொண்டே இருந்தது. அணைந்தது. அணைந்த கையோடு, "ரோட்டுப் பக்கம் சுத்தம்" என்று ஒரு காவலாள் குரல் கணீரென்று வந்தது.

"பாத்தீங்களா, பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர்.

மறுபடி பச்சை. நீளமாக எரிந்தது. அணைந்ததும், கல் உடைக்கிற இயந்திரத்தின் அருகிலிருந்து, "கிரஷர் பக்கம் சுத்தம்."

மறுபடி பச்சை. இந்த முறை இன்னும் நீளம். அணைந்ததும் மூன்றாவது காவலாள் கொஞ்சம் எரிச்சலோடு வந்தான். "ஆபீஸ், இங்க பட்டனை அழுத்த விடமாட்டேங்குது. பீப் பீப்னு திட்டுது. விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. யாருங்க அது?"

நான் மைக்கை எடுத்தேன். ஒழுங்காக ஒரு மூச்சு விட்டு, நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன். "அது பக்கத்து லாரிக்காரங்க கூச்சல். காலையிலேயே சொன்னேனே. அதைக் கண்டுக்காதீங்க. உங்க பக்கத்தைச் சொல்லுங்க."

"மேட்டுப் பக்கம் சுத்தம்" என்றான் அவன்.

இரண்டாவது சைரன் ஊதியது.

அது அடங்கியதும் பச்சை விளக்கு எரிந்தது. மேனேஜர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு உருண்டை நீட்டினார். நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பயந்த மனிதனுக்குக் கண் எங்காவது ஒட்டிக்கொள்ளும். எரிந்தது. எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. லாரிக்காரர்கள் பேசினால் விளக்கு மினுக் மினுக் என்று அணைந்து அணைந்து எரியும், ஆளுக்கு ஒரு வார்த்தை. காலையிலிருந்து அதைத்தான் பார்த்தேன். இது ஒரே ஆள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு விடாத ஆள். அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிப்பதைக்கூட அழுத்தியபடியே யோசிக்கிற ஆள்.

உலகத்தில் அப்படி ரேடியோ பேசுகிறவள் ஒருத்திதான்.

நான் எழுந்ததில் நாற்காலி சரிந்து விழுந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். வேனின் பின்கதவு திறந்து கிடந்தது. கம்பம் ஏறுவதற்கு அவள் கட்டுகிற பெல்ட்டை மாட்டிவைக்கிற கொக்கி காலி. அந்த நிமிடம் அவள் மத்தியானம் சொன்னது என் காதுக்குள் முழுசாக வந்தது, இப்போதுதான் சொல்கிற மாதிரி. "மழை வரும்போல இருக்கு. மேல போய் அந்த மூட்டுல ரப்பர் டேப்பைச் சுத்திட்டு வந்துடறேன்." நான் "ம்" என்றேன்.

தலை நிமிர்ந்து பார்த்தேன். பாறை முதுகுக்கு மேலே கம்பத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் மருந்து நிரப்பிய துளைகள். இறங்குவதற்கு இருக்கிற ஒரே வழி அவற்றை ஒட்டிப் போகிறது. மருந்து நிரப்பியவர்கள் இறங்கிப் போன பிறகு, காவலாள் வந்து நிற்பதற்கு முன், நடுவில் இருந்த இடைவெளியில் அவள் ஏறியிருக்க வேண்டும். அவன் வெறிச்சோடிய வழியைப் பார்த்துச் சுத்தம் என்று சொன்னான். அவன்மேல் தப்பில்லை.

உள்ளே ஓடி வந்தேன். செட்டில் டோனைத் தாண்டி எல்லாச் சத்தத்தையும் திறந்துவிடுகிற ஒரு சின்னப் பட்டன் உண்டு. அதை அழுத்தினேன்.

"...கீழ, நான்தான். லாரி இல்ல, நான்தான் பேசறேன். கேக்குதா? கம்பத்துக்குப் பின்னால ஒரு கல்லு இருக்கு, அதை ஒட்டிப் படுத்திருக்கேன். இறங்கலாமா வேணாமான்னு சொல்லு. ஏதாவது சொல்லு. நீ சொன்னா அப்படியே செய்யறேன். லாரி இல்லப்பா, நான்தான்..."

அவள் குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி நான் அதுவரை கேட்டதே இல்லை. பிரசவத்தில்கூட டாக்டரை அதட்டியவள்.

மைக்கை அழுத்தினேன். பீப். மறுபடி அழுத்தினேன். பீப். அவள் பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் செட் என்னைப் பேச விடாது. அந்தப் பூட்டை வைத்தவனே நான்தான். வெடிக்காரர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கான்கிரீட்டுக்குள். ஓடினால் பாதி தூரம்கூடப் போக முடியாது. கத்தினால் காற்றில் போய்விடும்.

"பட்டனை விடு!" என்று செட்டைப் பார்த்துக் கத்தினேன். "விடுடி! தயவுசெஞ்சு விடு!"

மேனேஜர் தன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிவிட்டு, "என்னங்க? என்ன ஆச்சு?" என்றார். கட்டைவிரலை மைக் பட்டன்மேல் வைத்தபடி பச்சை விளக்கையே பார்த்தேன். சாமி கும்பிடாதவன் நான். அன்றைக்கு ஒரு கடுகத்தனை விளக்கைப் பார்த்து அணைந்துவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

"...பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து நாலு மணிக்குக் கூட்டிட்டு வரணும், மறந்துடாத. அவ..."

மூன்றாவது சைரன் தொடங்கியது. தாழ்ந்து, உயர்ந்து, இழுத்தது. அந்தச் சத்தம் அவள் செட் வழியாகவும் கேட்டது. சைரன் ஓய்ந்தது.

விளக்கு அணைந்தது.

அழுத்தினேன். மூச்சு விடவில்லை, நிறுத்தவில்லை, காலையில் எல்லாருக்கும் பாடம் நடத்தியது ஒன்றும் ஞாபகமில்லை. "வெடிக்காதீங்க, மேல என் பொண்டாட்டி இருக்கா, வெடிக்காதீங்க!" என்று ஒரே மூச்சில் கத்திவிட்டு விரலை எடுத்தேன்.

எடுத்த உடனே பச்சை. அவள்தான். நான் முடிப்பதற்குள்ளேயே அழுத்தியிருப்பாள். வெடிக்காரர் பதில் சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது. என் பேச்சு அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

வெளியே ஓடினேன். ஓடி என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலே ஓடினேன். முற்றத்தின் நடுவில் நின்று கம்பத்து நுனியைப் பார்த்தேன். கிரஷர் நின்றிருந்தது, லாரிகள் நின்றிருந்தன, எங்கும் ஒரு சத்தம் இல்லை. வெடிப்பதாக இருந்தால் இப்போது வெடிக்க வேண்டும். இப்போது. இல்லை, இப்போது. காதைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. மழையின் முதல் துளி நெற்றியில் விழுந்தபோது கல்தான் விழுந்தது என்று நினைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

சைரன் மறுபடி எழுந்தது. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே நீட்டாக ஊதியது. மேனேஜர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். "ரத்து பண்ணிட்டாருங்க. அது ரத்துக்கான சைரன். எந்திரிங்க. ஒண்ணும் ஆகலை."

கொஞ்ச நேரம் அவரும் என் பக்கத்தில் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வெடிக்காரரே ஏறிப் போய், மேடையை ஒட்டிய வழியாக அவளை அழைத்து வந்தார். இருவரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். அவள் முழங்கையில் சிராய்ப்பு, முகம் முழுக்கக் கல்தூள். வெடிக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"உங்க பேச்சு முழுசா வரலை. முன்னாடியும் அறுந்துபோச்சு, பின்னாடியும் அறுந்துபோச்சு. 'பொண்டாட்டி'ங்கற ஒரு வார்த்தைதான் காதுல விழுந்துது. கை விசைமேல இருந்துது. இந்த நேரத்துல ஒருத்தன் எதுக்குப் பொண்டாட்டியைப் பத்திப் பேசறான்னு கையை எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மனிதரும் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டார்.

சாமான்களை ஏற்றும்போதும் அவள் பேசவில்லை. வேனைக் கிளப்பியபோதும் பேசவில்லை. வழக்கமாக ஊர் போய்ச் சேர்கிற வரைக்கும் அவள் வாய் ஓயாது, நான் தலையாட்டிக்கொண்டு ஓட்டுவேன். மழையில் வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையில் அந்தச் சோதனை செட் இன்னும் இருந்தது. விரல் பட்டனை விட்டுத் தள்ளியே இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "மொத சைரன்லேர்ந்தே கூப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ம்."

"உன் செட்டுல டோன் இல்ல. அதனால இங்க யாருக்கும் கேக்கலை. எனக்குத் தோணவே இல்ல. விளக்கு மட்டும்தான் எரிஞ்சுது."

"தெரியும். நீ சொன்னப்பவே புரிஞ்சுது."

"நான் எப்போ சொன்னேன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னோட செட்டுதான் திறந்து கிடக்கே, எனக்கு எல்லாம் கேட்டுது. மூணு பேரும் சுத்தம் சுத்தம்னு சொன்னது. அப்புறம் நீ மைக்கை எடுத்து, மூச்சு விட்டு, அதைக் கண்டுக்காதீங்கன்னு சொன்னது." கையிலிருந்த செட்டை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு எழுத்து விடாம கேட்டுது. பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி. ஆன்டெனா நல்லா வேலை செய்யுது."